பாட்டு போனில் இருந்தால் போதுமா? டிஜிட்டல் பாதுகாப்புக்கு ஓர் அறிமுகம்

பம்ப்செட் வந்தது, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்றம் நின்றது. ஏற்றம் நின்றதும் ஏற்றப்பாட்டும் நின்றுபோனது. அந்தப் பாட்டை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடுவதற்கான வேலை இல்லாமல் போய்விட்டது. துலா மரத்தின் மேல் ஓர் ஆள் முன்னும் பின்னுமாக நடப்பார். கிணற்றோரம் நிற்பவர் சால் என்ற நீர்ப் பாத்திரத்தைப் பிடித்து நீரைக் கவிழ்த்தபடியே பாடுவார். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் அந்தப் பாட்டுக்குள்ளேயே ஓடும்.

கம்பரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. மூங்கில் இலை மேல் தூங்கும் பனித்துளியைப் பற்றி ஏற்றக்காரர் ஓர் அடி பாடக் கேட்டாராம். அடுத்த அடி வருவதற்குள் அன்றைய இறைப்பு முடிந்துவிட்டதாம். மீதியைக் கேட்க மறுநாள் காலை வரை காத்திருந்தாராம். கம்பருக்கு மறுநாள் கிடைத்தது. இன்று தேடிப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஏற்றம் இறைத்தவர்களில் மிஞ்சியிருப்பவர்கள் தள்ளாத வயதில் இருக்கிறார்கள். நடவுப்பாட்டு, களையெடுப்புப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் இதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. நடவு எந்திரம் வந்த வயலில் குலவைச் சத்தம் கேட்பதில்லை.

இப்படிப் போகிறவற்றை டிஜிட்டல் முறையில் பாதுகாப்பது என்ற பேச்சு இப்போது பரவலாக அடிபடுகிறது. போனை எடுத்துப் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு செய்வது அதில் கால் பங்கு வேலைதான். மீதி முக்கால் பங்கு என்ன என்பதைப் பாட்டை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். கூத்து, கைவினை, சமையல், சடங்கு என எதற்கும் அடிப்படை இதுதான்.

முதலில், டிஜிட்டல் என்றால் என்ன நடக்கிறது? குரல் என்பது காற்றில் உண்டாகும் அதிர்வு. மைக் அதை மின்சார ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. பழைய கேசட்டில் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே காந்தத் துகள்களில் பதியும். டிஜிட்டல் கருவியோ அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறது. இசை சிடியில் நொடிக்கு 44,100 முறை. ஒலி ஆவணக் காப்பகங்கள் குறைந்தபட்சம் 48,000 முறை, ஒவ்வோர் அளவுக்கும் 24 பிட் என்று வைத்துக்கொள்கின்றன. 24 பிட் என்றால் அந்த ஓர் அளவைக் குறிக்க 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட படிநிலைகள் உண்டு. பாடுபவர் மூச்சு வாங்குவதும், அடிக்குரலில் இழுப்பதும், பின்னால் மாட்டு மணி கேட்பதும் எல்லாம் எண்களாகிவிடும்.

இதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் படியெடுத்தால் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும். நான்காவது படியில் பாட்டு மங்கிவிடும். எண்களைப் படியெடுக்கும்போது அந்தக் கவலை இல்லை. நூறாவது படியும் முதல் படி போலவே இருக்கும்.

ஆபத்தும் அதே இடத்தில்தான். ஓலைச்சுவடியைப் பூச்சி அரித்தாலும் மிச்சமிருக்கும் எழுத்தைப் படிக்கலாம். கேசட் பழையதானாலும் கரகரவென்று ஏதோ கேட்கும். ஹார்ட் டிஸ்க் போனால் பெரும்பாலும் மொத்தமாகப் போய்விடும். டிஸ்க் நன்றாக இருந்தும், கோப்பைத் திறக்கும் வழி இல்லாமல் போவதும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நிற்கும். அந்தக் கோப்பில் தமிழ் எழுத்து என்று தனியாக எதுவும் சேமிக்கப்படவில்லை. ஆங்கில எழுத்துகளுக்கு எழுத்துரு தமிழ் உருவம் கொடுத்துக்கொண்டிருந்தது. யூனிகோடு வந்து ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் உலகம் முழுவதும் ஒரே எண் என்று ஆன பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. நம் ஆட்கள் பட்ட இந்த அவதியிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: பாதுகாக்க வேண்டியதை ஒரு நிறுவனத்தையோ ஒரு மென்பொருளையோ மட்டும் நம்பியிருக்கும் வடிவத்தில் வைக்கக் கூடாது. எழுத்தென்றால் யூனிகோடு, ஒலியென்றால் வேவ் (WAV), படமென்றால் டிஃப் (TIFF). இவற்றை எல்லாக் கணினியும் படிக்கும், எப்படி எழுதப்படுகின்றன என்ற விவரமும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

ஒலிக்கு ஏன் எம்பி3 போதாது என்று கேட்கலாம். எம்பி3 கோப்பைச் சிறிதாக்குவதற்காக, காதுக்குத் தெரியாது என்று கணக்கிட்ட ஒலிகளை எறிந்துவிடுகிறது. ஒரு மணி நேரப் பதிவு 48,000 அளவில், 24 பிட்டில், ஒற்றை மைக்கில் ஏறக்குறைய 520 எம்பி பிடிக்கும். அதையே சாதாரண எம்பி3 ஆக்கினால் 60 எம்பிக்குள் அடங்கிவிடும். கேட்பதற்கு அது போதும். ஆனால் எறிந்தது திரும்பி வராது. பிற்காலத்தில் ஒருவர் இரைச்சலை நீக்க முயன்றாலும், குரலின் அசைவை ஆராய முயன்றாலும் அந்த எறிந்த பகுதிதான் தேவைப்படும். ஆகவே வேவ் கோப்பைத் தாய்ப்படியாகத் தொடாமல் வைத்துவிட்டு, ஊருக்கு அனுப்ப எம்பி3 ஒன்றைத் தனியாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகப் பாடி அனுப்பச் சொல்வது வேண்டாம். அதுவும் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. போனில் தனி ரெக்கார்டிங் செயலியில் வேவ் கோப்பாகப் பதிவு செய்து, அந்தக் கோப்பை டாக்குமெண்டாக இணைத்து அனுப்பினால் உள்ளது உள்ளபடி வந்து சேரும்.

சரி, பதிவு செய்யப் போகிறோம். மின்விசிறியை நிறுத்துவது, போனை ஏரோபிளேன் மோடில் போடுவது, பாடுபவரின் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் வைப்பது, இவையெல்லாம் சட்டென்று பழகிவிடும். யாரை உட்கார வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். நடவுப்பாட்டு தனியாள் பாட்டு இல்லை. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். தனியாக உட்கார வைத்துப் பாடச் சொன்னால் நாலு அடியில் நின்று, "மறந்துபோச்சு கண்ணு" என்பார்கள். கூட நடவு நட்ட இன்னொரு பெண்ணைத் திண்ணைக்குக் கூப்பிட்டால் போதும், அந்த அம்மா வாங்கிப் பாடத் தொடங்கியதும் மறந்ததெல்லாம் தானாக வரும். நான் பார்த்தவரை, பாட்டு மறந்துபோச்சு என்று சொல்லும் பலருக்குப் பாட்டு நினைவில் இருக்கிறது. எதிர்ப்பாட்டுக்குத்தான் ஆள் இல்லை. முடிந்தால் அவர்களை வயல் வரப்புக்கே அழைத்துப் போய் ஒருமுறை பதிவு செய்யுங்கள். குனிந்து நட்டுக்கொண்டே பாடும்போது வேகமும் மூச்சும் வேறாக இருக்கும்.

இனி, பெரும்பாலோர் விட்டுவிடும் பகுதி. பதிவோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டிய விவரங்களுக்கு மெட்டாடேட்டா என்று பெயர். பத்து வருடம் கழித்து, வெறும் எண்களையே பெயராகக் கொண்ட ஓர் ஒலிக்கோப்பைத் திறக்கிறீர்கள். ஒரு பெண் பாடுகிறார். யார், எந்த ஊர், எதற்கான பாட்டு என்று எதுவும் தெரியாது. கேட்க இனிமையாக இருக்கலாம். அதை வைத்து யாரும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. விவரம் இல்லாத பதிவு பாதி தொலைந்த பதிவு என்றே நான் சொல்வேன்.

என்னென்ன எழுத வேண்டும்? பாடியவர் பெயர், வயது, பதிவு செய்த நாள், இடம். இது எல்லோருக்கும் தோன்றும். பெண்கள் பாடும் பாட்டென்றால் பிறந்த ஊரையும் வாக்கப்பட்ட ஊரையும் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். தாலாட்டு அம்மா வீட்டிலிருந்து வந்ததாக இருக்கும், நடவுப்பாட்டு புகுந்த ஊரில் கற்றதாக இருக்கும். இரண்டையும் ஒரே ஊரின் கணக்கில் எழுதினால் பாட்டு பயணப்பட்ட தடமே அழிந்துவிடும். யாரிடம் கற்றார், கடைசியாக எப்போது வேலையில் பாடினார், யார் யார் வாங்கிப் பாடினார்கள், அந்தப் பாட்டுக்கு அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், இவற்றையும் கேளுங்கள். தாலாட்டில் மாமன் பெயரும் சீர் வரிசையும் வரும். அது உண்மையான மாமனா, வழிவழியாகப் பாடும் பெயரா என்பதை அவர்தான் சொல்ல முடியும். பயிர் வகை, அளவை, நகை, கருவி என்று நமக்குப் புரியாத சொல் வந்தால் உடனே பொருள் கேட்டுவிட வேண்டும். அந்தக் கேள்வியையும் பதிலையும் பதிவு ஓடும்போதே கேட்டால் அதுவும் ஆவணமாகிவிடும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போதே ஆண்டு-மாதம்-நாள், ஊர், பாட்டின் வகை என்ற வரிசையில் வைத்தால் கணினியே தேதிவாரியாக அடுக்கிக் கொடுக்கும். விரிவான விவரங்களை ஓர் எளிய எழுத்துக் கோப்பில் எழுதி, அதே பெயரில், அதே ஃபோல்டரில் போடுங்கள். இதற்கென்று தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை.

பாட்டை எழுத்தில் இறக்கும்போது நம் கை சும்மா இருக்காது, திருத்தப் பார்க்கும். அவர் "வச்ச" என்று பாடியிருப்பார். நாம் "வைத்த" என்று எழுதுவோம். அங்கே எதுகை உடையும், தாளம் தட்டும், வட்டார வழக்கும் போகும். பாடியது பாடியபடியே எழுத வேண்டும். விளக்கம் வேண்டுமென்றால் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் இப்போது தமிழிலும் இருக்கின்றன. பாட்டின் இழுப்பிலும் வட்டார வழக்கிலும் அவை தடுமாறும். முதல் வரைவுக்கு உதவும், அதோடு சரி. முழுவதையும் ஒருவர் காதால் கேட்டுச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

அடுத்தது அனுமதி. இதைச் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டில் பாடுவதை நல்ல வீட்டுக்குள் பாடக் கூடாது என்று பல ஊர்களில் பெண்கள் மறுத்துவிடுவார்கள். வற்புறுத்தாமல் இருந்தால், சிலர் வீட்டை விட்டு வெளியே வந்து, மரத்தடியில் உட்கார்ந்து பாடுவார்கள். பாட ஆரம்பித்ததும் இறந்துபோன தன் ஆளின் பெயர் வந்துவிடும், பாட்டு நிஜ அழுகையாக மாறும். அந்தப் பதிவை மறுநாளே யூடியூபில் ஏற்றுவது என்ன நியாயம்? பதிவு செய்ய அனுமதி வேறு, வெளியிட அனுமதி வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். குடும்பத்துக்கு மட்டும், ஆய்வாளர்களுக்கு மட்டும், எல்லோருக்கும் என்று பிரித்துக் கேட்டால் மக்கள் தெளிவாகவே பதில் சொல்வார்கள். கையெழுத்துத்தான் வேண்டுமென்பதில்லை, அவர் குரலிலேயே சம்மதத்தைப் பதிவு செய்துகொள்ளலாம்.

ஆஸ்திரேலியாவின் டென்னன்ட் கிரீக் பகுதியில் வாழும் வாருமுங்கு மக்கள் இதற்கு நல்ல முன்மாதிரி. இறந்தவர்களின் படத்தை யார் பார்க்கலாம், ஒரு சடங்கின் பதிவை ஆண்கள் பார்க்கலாமா பெண்கள் பார்க்கலாமா என்பதற்கெல்லாம் அவர்களிடம் மரபான விதிகள் உண்டு. அந்த விதிகளையே கணினிக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு கோப்பையும் யார் திறக்கலாம் என்பதை அந்தச் சமூகமே தீர்மானிக்கும்படி அமைத்த காப்பகத்திலிருந்துதான் முகுர்ட்டு என்ற இலவச மென்பொருள் பிறந்தது. இன்று பல நாடுகளின் பூர்வகுடிகள் அதைப் பயன்படுத்துகிறார்கள். எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைப்பதுதான் பாதுகாப்பு என்ற எண்ணத்தை இது அசைத்துப் பார்க்கிறது. ஒப்பாரியைப் பொறுத்தவரை நம் ஊருக்கும் இந்த முறை பொருந்தும்.

பதிவும் விவரமும் சம்மதமும் சேர்ந்தபின் பத்திரப்படுத்துவது. மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். இது உலகம் முழுவதும் சொல்லப்படும் எளிய கணக்கு. கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடிலோ வெளியூர் உறவினர் வீட்டிலோ ஒன்று. பென் டிரைவை நம்பி இருக்க வேண்டாம், அது கொண்டுபோய்க் கொடுப்பதற்கான பொருள். கிளவுடில் வைத்தால் கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பதிவு செய்தவர் காலமானால் பதிவும் சேர்ந்து போக இதுவே போதும். இன்னொன்று, செக்சம். கோப்பில் உள்ள எண்கள் எல்லாவற்றையும் வைத்துக் கணினி கணக்கிட்டுத் தரும் ஒரு குறியீடு அது, கோப்பின் கைரேகை மாதிரி. ஓர் எண் மாறினாலும் குறியீடு மாறிவிடும். வருடத்துக்கு ஒருமுறை சரிபார்த்தால் எந்தப் படி பழுதாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும், நல்ல படியிலிருந்து புதுப்பித்துக்கொள்ளலாம்.

ஒரே இடத்தில் வைத்ததால் இழந்த கதை தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவை ஒட்டி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாதவை அவற்றில் இருந்தன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் டிஜிட்டலாக்கி இணையத்தில் வைக்கும் "நூலகம்" என்ற திட்டம் 2005இல் தொடங்கியது. இன்று அதன் ஆவணகத்தில் ஒலிப்பதிவுகள், வாய்மொழி வரலாறுகள், புகைப்படங்களும் சேர்கின்றன. அதற்கு முன்பே, 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து அனுப்பிய தமிழ் இலக்கியங்களை இலவசமாகக் கொடுத்து வருகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. ஒரு தனி மனிதரின் சேகரம் பிற்பாடு எத்தனை பேருக்குப் பயன்படும் என்பதை அங்கே போனால் பார்க்கலாம்.

வீட்டில் பழைய கேசட் இருக்கிறதா? அப்படியானால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். காந்த நாடாக்கள் அழிவதற்குள் மாற்றிவிடுங்கள் என்று யுனெஸ்கோவும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து 2019இல் எச்சரிக்கை விடுத்தன. 2025க்குள் மாற்றாதவற்றில் பெரும்பகுதி கைவிட்டுப் போகலாம் என்பது அப்போதைய கணிப்பு. நாடா கெடுவதைவிட, அதை ஓட்டும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் பழுது பார்ப்பவர்களும் இல்லாமல் போவதுதான் பெரிய சிக்கல். ஆகவே ஒத்திப் போட வேண்டாம்.

கேசட்டின் விளிம்பில் இரண்டு மூலைகளிலும் சின்னப் பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். முதலில் அவற்றை உடைத்துவிடுங்கள், அதன்பின் தவறுதலாக ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது, தெரிந்தவர்களிடம் கொடுங்கள். பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்து, தேவையில்லாத ஒரு கேசட்டைப் போட்டு, நாடாவைக் கடிக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளேயரின் இயர்போன் துளையிலிருந்து ஆடியோ கேபிள் மூலம் கணினிக்கு இணைத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வேவ் கோப்பாகப் பதிவு செய்யலாம். அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடமும் உட்கார வேண்டும், இதில் குறுக்கு வழி கிடையாது. இரைச்சலை நீக்குவதெல்லாம் தனியாக எடுத்த இன்னொரு நகலில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய குறிப்பையும் படம் பிடித்துக் கூடவே வையுங்கள், சில சமயம் நமக்குக் கிடைக்கும் விவரமே அதுதான்.

கைவினை, கூத்து போன்றவற்றுக்கு வீடியோ தேவை, மற்றபடி முறை இதேதான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கூத்தென்றால் மேடைக்கு ஒரு கேமரா, மத்தளக்காரருக்கு ஒரு கேமரா. ஆட்டக்காரரும் மத்தளக்காரரும் ஒருவரையொருவர் பார்த்து வேகத்தை மாற்றிக்கொள்வது ஒரே கேமராவில் சிக்காது.

இவ்வளவும் செய்தால் மரபு பிழைத்துவிடுமா? பதிவு மட்டும் அதைப் பிழைக்க வைக்காது. ஏற்றமே இல்லாத ஊரில் ஏற்றப்பாட்டு வேலைப்பாட்டாகத் திரும்பி வராது. ஆனால் யாராவது கற்க வேண்டும் என்று வந்தால் கற்க ஏதாவது இருக்கும். ஆர்னால்டு பாக்கே என்ற டச்சு இசை ஆய்வாளர் 1938-39இல் தென்னிந்தியாவில் ஒலிப்பதிவுகளும் படங்களும் எடுத்தார். 1984இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளோடு அதே இடங்களுக்குத் திரும்பிப் போனார்கள். எது தொடர்கிறது, எது மாறிவிட்டது, எது நின்றுவிட்டது என்று அந்தந்த ஊர் மக்களோடு சேர்ந்தே பார்த்தார்கள். பாக்கே விட்டுச்சென்ற குறிப்புகள் இருந்ததால்தான் நாற்பத்தைந்து ஆண்டு கழித்து அவர்களால் வழி கண்டுபிடித்துப் போக முடிந்தது.

நீங்களும் திரும்பிப் போக வேண்டும், அதுவும் சீக்கிரமே. பாடியவர் வீட்டில் எது ஓடுமோ அதில் ஒரு படி கொடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது ஸ்பீக்கரில் செருகும் மெமரி கார்டு. கேட்டுவிட்டு, "இந்த அடி இப்படி வராது, மாத்திப் பாடிட்டேன்" என்று அவர்களே திருத்துவார்கள், சில சமயம் விட்டுப்போன அடிகளும் வரும். அதையும் பதிவு செய்து, தேதி போட்டு, முதல் பதிவுக்குப் பக்கத்தில் வையுங்கள். முதல் பதிவை அழித்துவிட வேண்டாம்.